ஒன்பதாம் கேள்வி

ஹால் டிக்கெட்டில் என் பெயர்
முழுசாக அச்சாகியிருக்கிறது: க. தயாளமூர்த்தி.
பதினோரு வருஷமாக நான்
வெறும் கரண்டுக்காரர்,
அல்லது "லைட் எரியலை, கொஞ்சம் வாங்க."

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
யாரோ கழித்துப் போட்ட கதவுப் பலகையைச்
சுவரில் சாய்த்து
பெட்டி, சுவிட்ச், ஹோல்டர் அறைந்திருக்கிறேன்.
மாடிப்படி வயரிங்.
கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச்,
நடுவில் ஒரு பல்பு.
எத்தனை வீட்டில் செய்திருப்பேன்.
எங்கள் பிளாக் படிக்கட்டில் மட்டும்
எட்டு வருஷமாக இருட்டு.

புனிதாதான் தேர்வாளர்.
கிண்டி கம்பெனியில் பகலெல்லாம் காலர் தைத்துவிட்டு வந்து
கைடைப் பிரித்து, செல்போனில் நேரம் வைத்து
அவரைக்காய்க்கு நாரெடுத்தபடி கேட்கிறாள்.
"இது என்ன?"
கட்டிங் பிளேயர்.
"புக்குல காம்பினேஷன் பிளையர்னு போட்டிருக்கு. அரை மார்க்."
"இன்சுலேஷனை எதால சீவுவே?"
பல்லால்.
அவள் சிரிக்கவில்லை. முட்டை போட்டாள்.

கை செய்துவிடுகிறது.
வாய்தான் பின்னால் ஓடி வந்து மூச்சு வாங்குகிறது.
சிவப்பு, முதல் சுவிட்சின் நடுக்காலுக்கு.
அதன் ஓரக்கால் இரண்டும் எதிர் சுவிட்சின் ஓரக்கால்களுக்கு.
அங்கே நடுக்காலிலிருந்து பல்புக்கு.
கறுப்பு நேராக.
சொல்லிப் பார்த்தால்
வேறு யாருடைய வேலையோ மாதிரி இருக்கிறது.

ஒன்பதாம் கேள்வி: எர்த் எதற்கு?
"ஷாக் அடிக்காம இருக்க."
"சரி. எப்படி?"

கசிந்த கரண்ட் ஆள் உடம்பைத் தேடுமுன்
மண்ணில் இறங்க ஒரு சுலபமான வழி,
இறங்குகிற வேகத்தில் ஃபியூஸ் போய்விடும்.
தெரியும். நாக்கு வரை வந்தது.
அங்கே குறுக்கே நின்றது
மண்ணடியில் ஒரு குளியலறை.

ஆறு வருஷத்துக்கு முன், ரம்ஜானுக்கு மூன்று நாள் இருக்க
ஹீட்டர் மாட்டப் போனேன்.
எர்த் கம்பி அந்த வீட்டில் எங்குமே இல்லை.
கீழிருந்து இழுத்தால் ஒரு முழு நாள்.
எனக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி.
பிளக் பாயிண்டுக்குள்ளேயே
எர்த்தையும் நியூட்ரலையும்
அரை விரல் கம்பியால் முடிச்சுப் போட்டேன்.
டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது.
அந்த அம்மா டீ கொடுத்தார்.

அந்த நியூட்ரல் என்றைக்காவது எங்காவது விட்டுப்போனால்
குழாயில் வருவது
தண்ணீர் மட்டுமல்ல.

"டைம் போகுது" என்றாள் புனிதா.

சனிக்கிழமை பாரிமுனையில் பச்சை வயர் வாங்கினேன்,
இருபது மீட்டர்.
ஞாயிறு காலை அந்தக் கதவைத் தட்டினேன்.
அதே அம்மா. நரை கூடியிருந்தது.
"ஆறு வருஷம் முன்னாடி ஹீட்டர் மாட்டினேனே..."
வெகுநேரம் பார்த்தார்.
"ஓ. அந்தத் தம்பி நீதானா.
போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, ஃபேன் போட.
இந்தப் பிளக்கைக் கழட்டிப் பாத்துட்டு
அப்படியே தரையில உக்காந்துடுச்சு.
அன்னிக்கே கீழேருந்து எர்த் இழுத்துக் குடுத்துட்டுத்தான் போச்சு.
உன்னைத் திட்டின திட்டு இருக்கே..."
என்னன்னு திட்டினாங்க?
"அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன்.
பச்சைக் கம்பி, சாணுக்கு ஒரு கிளிப்,
வளைவில்கூடத் தொய்வில்லை.
நானாக இருந்தால்
மூன்று சாணுக்கு ஒன்று அடித்திருப்பேன்.
இந்த முறை டீ வரவில்லை.

நாளைக் காலை எட்டரைக்கு அம்பத்தூர்.
பையில் டெஸ்டர், கத்தி, காம்பினேஷன் பிளையர்.
பிரிக்காத பச்சைச் சுருள் ஒன்றும்
எடுத்து வைக்க மனமில்லாமல் கிடக்கிறது.

ஒன்பதாவதை இன்னொரு தரம் கேள் என்றேன்.
கைடை நெஞ்சில் கவிழ்த்தபடி
புனிதா தூங்கிவிட்டிருந்தாள்.
நிறுத்த மறந்த செல்போனில்
நேரம் ஓடிக்கொண்டிருந்தது.